பிறந்த 12 மணி நேரத்திற்குள் இரண்டு ஊசிகள்

மேலூர் பக்கத்தில் உள்ள எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில், கர்ப்பப் பதிவின்போது எடுத்த இரத்தப் பரிசோதனையில் எனக்கு ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி பாசிட்டிவ் என்று வந்தது. மஞ்சள் காமாலை ஒருநாளும் வராத எனக்கு இது எப்படி வரும், சீட்டு மாறியிருக்கும் என்றுதான் வீட்டில் சொன்னார்கள். மறுபடி எடுத்தும் முடிவு மாறவில்லை.

மதுரையில் நான் பார்த்த கல்லீரல் மருத்துவர் முதலில் விசாரித்தது என் தாய்வழி உறவுகளைப் பற்றித்தான். என் தாய்மாமா நடுவயதிலேயே ஈரல் புற்றுநோயில் இறந்தவர்; குடியைத் தொடாத மனிதர் என்றாலும், ஈரல் கெட்டால் அது குடியால்தான் என்று ஊர் பேசி முடித்துவிட்டது. இந்தக் கிருமி பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றினால், 10-இல் 9 குழந்தைகளுக்கு அது வாழ்நாள் முழுவதும் உடலில் தங்கிவிடும் என்றும், பெரியவர்களுக்குத் தொற்றினால் 100-இல் 5 பேருக்கும் குறைவாகவே அப்படித் தங்கும் என்றும், தங்கியவர்களில் சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து ஈரல் சுருக்கமோ புற்றுநோயோ வரும் என்றும் அவர் விளக்கியபோது, அம்மாச்சியிடமிருந்து மாமாவுக்கும் அம்மாவுக்கும், அம்மாவிடமிருந்து எனக்கும் இது வந்திருக்கக்கூடும் என்பது புரிந்தது. தைவானில் பச்சிளங்குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை 1984-இல் தொடங்கிய பிறகு, சிறுவர்களுக்கு வரும் ஈரல் புற்றுநோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்பதையும் அவர் சொல்லித்தான் அறிந்தேன்.

கிருமியின் அளவு 2,00,000 அலகுக்கு மேல் இருந்ததால் 28-ஆவது வாரத்திலிருந்து கிருமியைக் குறைக்கும் டெனோஃபோவிர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். அத்தை கீழாநெல்லியை அரைத்துக் கொடுக்க முன்வந்தார். அதை எளிதில் ஒதுக்கிவிடவும் முடியாது. இந்தக் கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற பிளம்பெர்க்கே சென்னை ஆய்வாளர்களோடு சேர்ந்து 1988-இல் கீழாநெல்லி இதற்குப் பலன் தருவதாகக் கூறும் ஆய்வொன்றை வெளியிட்டார். ஆனால் பின்னால் வந்த ஆய்வுகள் அந்தப் பலனை உறுதி செய்யவில்லை என்பதால் நான் மாத்திரையோடு நிறுத்திக்கொண்டேன்.

அலைச்சல் இம்யூனோகுளோபுலின் ஊசிக்குத்தான். தடுப்பூசி குழந்தையின் உடலில் எதிர்ப்புச் சக்தியை உருவாக்க நாளாகும். அதுவரை காப்பதற்கு, உருவான எதிர்ப்புச் சக்தியையே நேரடியாகச் செலுத்துவது இந்த ஊசி. பிரசவம் பார்க்கவிருந்த மருத்துவமனையில் இருப்பு இல்லாததால், விலை கூடுதல் என்றாலும் வெளியே வாங்கினோம். உறைந்துபோனால் மருந்து வீணாகிவிடும் என்று கடைக்காரர் எச்சரித்ததால், ஐஸ் பேக்கின் மேல் நேராகப் படாமல் நாளிதழில் சுற்றித் தெர்மாகோல் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து, வீட்டுக் குளிர்பெட்டியின் நடுத்தட்டில் வைத்தார் என் கணவர்.

மகள் நள்ளிரவில் பிறந்தாள். தடுப்பூசியைக் காலையில் டாக்டர் வந்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்றார் இரவுப்பணிச் செவிலியர். கிராம சுகாதார செவிலியர் என் தாய் சேய் நல அட்டையில் சிவப்பு மையில் எழுதியிருந்த குறிப்பைக் கணவர் எடுத்துக் காட்டிய பிறகு, அந்த இரவுப்பணிச் செவிலியரே தொலைபேசியில் டாக்டரிடம் கேட்டு, ஒரு தொடையில் தடுப்பூசியையும் மறு தொடையில் இம்யூனோகுளோபுலினையும் போட்டார். பிறந்தவுடன் போடும் தடுப்பூசித் தவணை அரசு மருத்துவமனைகளில் எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசம். ஆனால் 24 மணி நேரம் கடந்தால் அதன் பயன் குறைந்துகொண்டே போகும். எங்களைப் போன்ற தாய்மார்களுக்கு 12 மணி நேரத்திற்குள் இரண்டு ஊசியும் விழுந்தாக வேண்டும். அட்டையில் எழுதி வாங்கிக்கொள்வதுதான் இதில் பாதி வேலை என்பேன்.

"பால் குடுக்கலாமா தாயி?" என்று அத்தை தயங்கினார், ஊசி போட்டாயிற்று, தாராளமாகக் கொடுக்கலாம் என்றார் குழந்தை மருத்துவர். பிறகு 6, 10, 14 வாரங்களில் வரும், ஐந்து நோய்களுக்கு எதிரான பென்டாவேலன்ட் ஊசிகளை ஊரிலேயே புதன்கிழமைகளில் போட்டோம். அதில் ஹெபடைடிஸ் பி-யும் அடக்கம். தமிழ்நாட்டில் இது 2011 டிசம்பரிலேயே தொடங்கிவிட்டது.

ஒன்பது மாதம் முடிந்த பின் எடுத்த பரிசோதனையில் மகளுக்குக் கிருமி இல்லை, எதிர்ப்புச் சக்தியும் தேவையான 10 அலகுக்கு மேல் இருந்தது. கணவருக்குக் கிருமி இல்லாததால் அவரும் தடுப்பூசி போட்டுக்கொண்டார். என் தம்பிக்குப் பாசிட்டிவ் வந்திருக்கிறது. ஆறு மாதத்திற்கு ஒருமுறை அவனும் நானும் சேர்ந்தே மதுரைக்குப் போய் ஈரல் ஸ்கேன் எடுத்து வருகிறோம்.