ஞானத்தகப்பன்

போன ஞாயிற்றுக்கிழமை குளச்சலில் தங்கச்சி மகனுக்கு ஞானஸ்நானம். பிள்ளைக்குப் பொறுப்பேற்றுக் கூட நிற்கிற ஞானத்தகப்பன் நான்தான். மச்சான் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். வள்ளத்துக்கு என்ஜின் வாங்க நான் கொடுத்த காசில் தகராறு வந்து ஒன்றரை வருஷமாகப் பேச்சில்லை. "நீயே நில்லு மக்கா, பிள்ளையைக் கையில வாங்கினா பேச்சு தானா வரும்" என்று அம்மா பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள்.

முந்தின ராத்திரி தூக்கம் வராமல் 'காட்ஃபாதர்' படத்தைப் போட்டுத் தொலைத்தேன். 1972-இல் வந்த மாஃபியா படம், ஓடி முடிய மூன்று மணி நேரம் ஆகும். காலேஜில் பார்த்தபோது மார்லன் பிராண்டோவின் கரகரத்த குரலும் படுக்கையில் கிடந்த குதிரைத் தலையும்தான் மனதில் நின்றன. காட்ஃபாதர் என்றால் தாதா என்றே நினைத்திருந்தேன். மறைக்கல்வி படித்த கடற்கரைக்காரனுக்கு அது ஞானத்தகப்பன் என்று உறைக்கவேயில்லை பாருங்கள்.

கடைசியில் அல் பசினோ, அதாவது மைக்கேல், தங்கச்சி கோனியின் பிள்ளைக்கு ஞானத்தகப்பனாக நிற்கிறான். (அந்தக் கைக்குழந்தை இயக்குநர் கொப்போலாவின் மகள் சோஃபியா.) "சாத்தானை விட்டுவிடுகிறாயா?" என்று சாமியார் கேட்கிறார். விட்டுவிடுகிறேன் என்கிறான். அதே நேரத்தில் லிஃப்டிலும் சுழல்கதவிலும் மசாஜ் மேசையிலும் அவன் ஆட்கள் எதிரிகளைச் சுடுகிறார்கள். கோவில் ஆர்கன் நிற்காமல் ஒலிக்கிறது.

எல்லோரும் அந்த எடிட்டிங்கைத்தான் புகழ்வார்கள். எனக்குத் தூக்கம் போனது அதற்கு அடுத்த காட்சியில். மூத்த அண்ணன் சன்னியைக் காட்டிக் கொடுத்தவன் கோனியின் புருஷன் கார்லோ. மைக்கேல் அவனை உட்கார வைத்து மெதுவாகப் பேசுகிறான்: என் தங்கச்சியை நானே விதவையாக்குவேனா, உன் பிள்ளைக்கு நான் ஞானத்தகப்பனல்லவா? மச்சான்காரன் நம்பி வாயைத் திறந்துவிடுகிறான். ஏர்போர்ட்டுக்கு என்று காரில் ஏறுகிறான். பின்சீட்டிலிருந்து கழுத்தில் கயிறு விழுகிறது. உதைத்த உதையில் முன்கண்ணாடி நொறுங்குகிறது.

பிள்ளைக்கு ஞானத்தகப்பனாக நின்ற தாய்மாமன், அதே பிள்ளையைத் தகப்பனில்லாமல் ஆக்கிவிட்டான். படம் முழுக்கக் குடும்பம் குடும்பம் என்கிறார்கள். அந்தக் குடும்பத்தில் தங்கச்சிக்கு மட்டும் இடமில்லை.

மறுநாள் கோவிலில் ஃபாதர் அதே கேள்வியைக் கேட்டார். பக்கத்தில் மச்சான் மெழுகுதிரியோடு நிற்கிறான். எனக்குத் தொண்டை அடைத்தது. "விட்டுவிடுகிறேன்" என்றது அம்மாவுக்கே கேட்டிருக்காது. தண்ணீர் பட்டதும் மருமகன் வீறிட்டான்.

பந்தியில் மச்சானே வந்து என் இலையில் நெய்மீன் துண்டு ஒன்று வைத்தான்.

"என்ஜின் காசு ஓணத்துக்குள்ள தாறேன் மச்சான்."

"சரி."

சாயங்காலம் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் அவன்தான் பைக்கில் கொண்டுவிட்டான். பின்சீட்டில் நான்.