ஆன்லைன் வீட்டுப்பாடத்தில் அணிக் கணக்கு: கேள்வி தயாரிப்பவர்கள் கவனத்துக்கு

கடலூர்ப் பக்கம் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் பொறியியல் கல்லூரிகளில், 2021 பாடத்திட்டப்படி முதல் செமஸ்டர் கணக்கு அணிகளில்தான் (மேட்ரிக்ஸ்) தொடங்கியது. மூடுல் (Moodle) என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் வீட்டுப்பாடம் தந்தால், புதுச்சேரி பஸ்ஸில் உட்கார்ந்தபடி போனிலேயே போட்டுவிடுகிறவர்கள் உண்டு. அதனால் அந்தச் சின்னத் திரையில் ஒருமுறை பார்த்துவிட்டுக் கேள்வியை வெளியிடுங்கள்.

கணக்குக் குறிகளைத் தட்டச்சு செய்யும் லேடெக்ஸில் (LaTeX) அணியின் உறுப்புகளுக்கு நடுவே ஆம்பர்சண்ட் (&) குறி, நிரை (கிடைவரிசை) முடிந்தால் இரட்டைப் பின்சாய்கோடு (\\). அதில் ஒரு கோடு விழுந்துவிட்டால் நிரை உடையாது. முதல் நிரை 2, −1; இரண்டாம் நிரை 5, 3 என்றால் −1-ம் 5-ம் ஒரே கட்டத்தில் ஒட்டிக்கொள்ளும். சதுர அடைப்புக்குப் பதில் நேர்க்கோடு போட்டுவிட்டாலோ அது அணிக்கோவை (டிடர்மினன்ட்), அதன் மதிப்பு ஒரே எண்; மாணவர் 11 என்று எழுதிவிட்டுப் போய்விடுவார், அவரைக் குறை சொல்ல முடியாது. சூத்திரத்தின் இரு பக்கமும் போடும் ஒற்றை டாலர் குறி மூடுலில் வழக்கமாக வேலை செய்யாது; பின்சாய்கோட்டோடு பிறை அடைப்பு, அதாவது \( \) போடுங்கள். கூகுள் ஃபார்ம் லேடெக்ஸைக் காட்டவே காட்டாது, படமாகத்தான் ஏற்ற வேண்டும்.

நேர்மாறு அணியில் (இன்வர்ஸ்) பின்னம் வந்தால் நிரைகள் நெருக்கியடிக்கும். மேலே சொன்ன அணிக்கு 1/11-ஐ வெளியே எடுத்து, உள்ளே முதல் நிரை 3, 1; இரண்டாம் நிரை −5, 2 என்று காட்டினால் கண்ணுக்குச் சுலபம். ஆனால் விடைக் கட்டத்தில் 3/11 வேண்டுமா, 3 மட்டும் போதுமா என்று கேள்வியிலேயே சொல்லிவிட வேண்டும். தசமம் கூடாது என்பதையும் சேருங்கள், 0.27 என்று போடுகிறவர்கள் இருக்கத்தான் செய்வார்கள்.

பெரிய வம்பு ஏறுபடி வடிவத்தில் (எச்சலான் ஃபார்ம்: கீழே போகப் போக நிரையின் தொடக்கத்தில் பூஜ்யங்கள் கூடும் வடிவம்). முதல் நிரை 1, 2; இரண்டாம் நிரை 3, 8 என்ற அணியில் இரண்டாம் நிரையிலிருந்து முதல் நிரையின் 3 மடங்கைக் கழித்தால் 1, 2; 0, 2. அடுத்தவர் கடைசி நிரையை 2-ஆல் வகுத்து 0, 1 என்று முடிப்பார். இரண்டுமே சரி. ஆசிரியர் வைத்திருக்கும் ஒரே விடையோடு ஒப்பிடும் கணினி மட்டும் ஒருவருக்கு பூஜ்யம் போடும். ஐகன் வெக்டரிலும் (அணியால் பெருக்கினால் தன் மடங்காகவே வரும் வெக்டர்) இதே கதைதான், பூஜ்யமில்லாத எந்த மடங்கும் விடையே. ஆகவே ஏறுபடி வடிவத்தைக் கேட்காமல் அணித்தரத்தை (ரேங்க்: ஏறுபடி வடிவத்தில் பூஜ்யமல்லாத நிரைகளின் எண்ணிக்கை) கேளுங்கள். அணியே வேண்டுமென்றால் குறைக்கப்பட்ட ஏறுபடி வடிவத்தை (ஒவ்வொரு நிரையின் முதல் எண் 1, அதன் நிரலில் மற்றவை பூஜ்யம்) கேளுங்கள். ஓர் அணிக்கு அது ஒன்றே ஒன்றுதான்.