பேட்டரி முனையில் பூத்த பொடி

மழைக்காலக் காலை ஒன்றில், சாவியைத் திருப்பியதும் 'டக்' என்ற ஓசையோடு என் கார் அடங்கிவிட்டபோது, புதிய பேட்டரிக்குச் செலவு வந்துவிட்டது என்றே எண்ணினேன். பானெட்டைத் திறந்து, மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரை வைத்தால் 12.6 வோல்ட் காட்டியது; அதாவது பேட்டரியில் மின்னேற்றம் முழுமையாகவே இருந்தது. நேர்முனைக் கவ்வியைச் சுற்றி நீலம் கலந்த வெள்ளைப் பொடி படிந்து மின்னோட்டத்தைத் தடுத்திருந்தது.

10-ஆம் எண் ஸ்பேனரால் எதிர்முனையைத்தான் முதலில் கழற்ற வேண்டும். நேர்முனையில் தொடங்கினால், ஸ்பேனர் தவறி, எதிர்முனையோடு இணைந்த காரின் உடற்தகட்டில் பட்டவுடன் தீப்பொறி பறக்கும். சமையல் சோடாவை வெந்நீரில் கரைத்து, பேட்டரியின் மூடித் துளைகளுக்குள் இறங்காதபடி ஊற்றினால், பொடி நுரைத்துக் கரைந்துவிடும். பழைய பல்துலக்கியால் தேய்த்து, நன்கு உலரவிட்டு, நேர்முனையை முதலில் மாட்டி, மேலே வாசலின் பூசினேன். கையுறை அணிய மறந்ததால் விரல் எரிந்தது தனிக்கதை. எஞ்சின் ஓடும்போது மீட்டர் ஏறக்குறைய 14 வோல்ட் காட்டியதால், பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டர் சரியாக இருக்கிறதென்று அதைத் தொடவில்லை.