சுல்தான் ஹான் அட்டை மாதிரி: நாலாவது வாரம்

மூன்று வாரத்தில் சுவர், முற்றம், பின்கூடம் எல்லாம் எழும்பிவிட்டன. நாலாவது வாரம் முழுக்க வாசல் ஒன்றுக்கே போய்விட்டது.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: துருக்கியில் கோன்யாவிலிருந்து அக்சராய் போகும் வழியில் இருக்கிற வணிகர் சத்திரம் இது. செல்ஜுக் சுல்தான் முதலாம் அலாவுதீன் கைகுபாத் 1229-ல் கட்டுவித்தது. தீப்பிடித்துச் சேதமாகி, 1278-ல் மறுபடி சீரமைத்திருக்கிறார்கள். ஒட்டகச் சாத்து ஒரு நாளில் நடக்கிற தூரத்துக்கு ஒன்றாக அந்தப் பாதைகளில் சத்திரங்கள் இருந்தன. முன்னால் திறந்த முற்றம், பின்னால் குளிர்காலத்துக்கென்று கல் கூரை போட்ட கூடம்.

கூடத்தில்தான் முதல் தவறு. வீட்டுச் சுவர் மாதிரி நினைத்துப் பெரிய ஜன்னல்களாக வெட்டிவிட்டேன். உண்மையில் அங்கே சின்னச் சின்னக் கீறல் ஜன்னல்கள்தான். திருடனும் பனியும் உள்ளே வரக்கூடாதே! பழைய சுவர்களைப் பிய்த்துப் போட்டுப் புதிதாக ஒட்டினேன். கூரையை மூடி, நடுவே திறப்பு விட்ட குவிமாடத்துக்கு மேலே மொபைல் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு கதவு வழியாக எட்டிப் பார்த்தேன். குவிமாடத்துக்கு நேர் கீழே மட்டும் வட்டமாக வெளிச்சம். தூண்களுக்குப் பின்னால் கும்மிருட்டு. ரொம்ப நேரம் அப்படியே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, வாசலுக்கு வருகிறேன். நிஜத்தில் உயரம் சுமார் 13 மீட்டர். என்னுடைய 1:200 அளவில் ஆறரை சென்டிமீட்டர்தான் வரும். அதில் முகர்னாஸ் வேலைப்பாட்டைக் காட்டவே முடியாது. அதனால் வாசலை மட்டும் 1:50-ல், 26 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தனியாகச் செய்கிறேன். முகர்னாஸ் என்பது வாசல் மாடத்தின் மேல்பகுதியில் தேன்கூடு போல அடுக்கடுக்காக முன்னால் நீட்டிக்கொண்டு வரும் கல்வேலை. முதலில் ஒவ்வொரு குழியையும் காகிதத்தில் மடித்து ஒட்டினேன். இரண்டாவது வரிசையிலேயே மூலை சேரவில்லை, மூன்று மில்லிமீட்டர் இடைவெளி. அப்புறம்தான் புரிந்தது: இதைக் கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கிற படமாக வரைய வேண்டும். அந்தப் படத்தை அடுக்கு அடுக்காகப் பிரித்து, ஒவ்வோர் அட்டையிலும் திறப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறிதாக்கிக்கொண்டே மேலே போனால், மூலைகள் தானாகவே சேர்ந்துவிடுகின்றன. நான்கு அடுக்கு முடிந்தது. விளக்கைப் பக்கவாட்டில் வைத்தால் ஒவ்வொரு குழிக்கடியிலும் நிழல் விழுகிறது. அட்டை என்றே தெரியவில்லை.

பசை காயும் நேரத்தில், துருக்கியிலேயே கைசேரி நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற கராதாய் ஹான் என்ற இன்னொரு சத்திரத்தின் தர்ம சாசனத்தைப் பற்றிப் படித்தேன். வந்தவர் முஸ்லிமா இல்லையா, அடிமையா இல்லையா என்று பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே அளவு ரொட்டியும் இறைச்சியும் தரச் சொல்கிறது. அதைப் படித்த பிறகு இந்த வாசலை அவசரமாக முடிக்க மனசு வரவில்லை.

அடுத்து, முற்றத்தின் நடுவே நாலு வளைவுகள் மேல் நிற்கிற குட்டி மசூதி. வளைவுகளை வெட்டி வைத்துவிட்டேன். மேலே ஏறுகிற குறுகலான படிக்கட்டைத்தான் எப்படிச் செய்வதென்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.