துப்பாக்கியை அழித்துவிட்டால் கை என்ன செய்யும்?

2025 அக்டோபர் தொடக்கத்தில் அமேசான் பிரைம் வீடியோவில் ஜேம்ஸ் பாண்ட் படங்களின் முகப்புப் படங்கள் மாறின. எல்லாம் பழைய விளம்பரப் படங்கள்தான். ஆனால் எந்த பாண்டின் கையிலும் துப்பாக்கி இல்லை. சிலவற்றில் கணினியில் அழித்திருந்தார்கள், சிலவற்றில் துப்பாக்கி ஓரத்துக்கு வெளியே போய்விடும்படி வெட்டியிருந்தார்கள். ரசிகர்கள் கொதித்தெழுந்ததும் அவற்றை எடுத்துவிட்டுப் படத்திலிருந்தே காட்சிகளை வைத்தார்கள். அவற்றிலும் துப்பாக்கி இல்லை என்பது வேறு கதை.

துப்பாக்கி வேண்டுமா வேண்டாமா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. நான் புத்தக அட்டை வடிவமைக்கிறவன். ஒரு உருவத்திலிருந்து ஒரு பொருளை மட்டும் எடுத்தால் மிச்சம் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை. 'டாக்டர் நோ' முகப்பில் முதல் பட பாண்டான ஷான் கானரி கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். துப்பாக்கி இருந்தவரை அந்த நிற்பில் ஒரு தெனாவட்டு இருந்தது. அதை எடுத்த பிறகு, பஸ் தாமதமாகிவிட்ட எரிச்சலில் நிற்கும் ஆள் மாதிரி இருக்கிறார். முகம் அதே முகம்தான், கோட்டும் அதே கோட்டுதான்.

காரணம் எளிது. அந்த உடம்பு துப்பாக்கியைச் சுற்றித்தான் அமைக்கப்பட்டது. ஒற்றர் பட போஸ்டர்களில் துப்பாக்கி பெரும்பாலும் யாரையும் குறிபார்ப்பதில்லை. கன்னத்தோரம் மேல்நோக்கி இருக்கும், இல்லாவிட்டால் கட்டிய கையின் மேல் சாய்ந்திருக்கும். சுடுகிற ஆள் அப்படிப் பிடிக்க மாட்டார். அது பார்வையைக் கொண்டுபோவதற்கான கோடு. தெருவைக் கடக்கிறவர் போஸ்டரைப் பார்ப்பது இரண்டு மூன்று விநாடி. அந்த நேரத்துக்குள் அவர் கண் முகத்துக்குப் போய், அங்கிருந்து படத்தின் பெயருக்கு இறங்க வேண்டும். நேராக நிற்கும் உடம்பில் கண்ணை ஓடவைக்க எதுவும் கிடையாது. குறுக்கே சாய்ந்த ஒரு குழல் அந்த வேலையைச் செய்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. பாண்டுக்குக் கறுப்புக் கோட்டு, கறுப்புத் துப்பாக்கி. கறுப்பின் மேல் கறுப்பை வைத்தால் தூரத்திலிருந்து ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த விருந்துக் கோட்டின், டக்ஸிடோவின் நடுவே வெள்ளைச் சட்டை முக்கோணமாகத் தெரிகிறதே, அதன் மேல் அல்லது அதன் ஓரத்தில் துப்பாக்கியை வைத்துப் பாருங்கள், கத்தரித்து ஒட்டியது போல் பளிச்சென்று எழும். இந்த அமைப்பில் சட்டையின் முக்கிய வேலையே துப்பாக்கிக்குப் பின்புலமாக இருப்பதுதான் என்று தோன்றும். துப்பாக்கியை மட்டும் அழித்தால் நட்டநடுவில் காரணமே இல்லாத ஒரு வெள்ளைத் திட்டு மிஞ்சும்.

இதில் வேடிக்கை, பாண்டின் மிகப் பிரபலமான துப்பாக்கிப் படத்தில் இருப்பது பாண்டின் துப்பாக்கியே இல்லை. 1963இல் வந்த 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' விளம்பரத்துக்குப் படம் எடுத்தவர் டேவிட் ஹர்ன். படப்பிடிப்பு அறைக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள், பாண்டின் துப்பாக்கியான வால்தர் பிபிகே மட்டும் வரவில்லை. ஹர்னுக்குக் குறிபார்த்துச் சுடுவது பொழுதுபோக்கு. தன்னிடம் இருந்த வால்தர் எல்பி-53ஐ எடுத்துக் கானரி கையில் கொடுத்தார். அது காற்றழுத்தத் துப்பாக்கி, குழல் ரொம்ப நீளம். பின்னால் போஸ்டர் வரையும்போது குட்டையாக்கிக்கொள்ளலாம் என்பது யோசனை. ஆனால் வரைந்தவர்கள் பலரும் நீளத்தை அப்படியே விட்டுவிட்டார்கள்.

நான் வரைந்திருந்தாலும் விட்டுத்தான் இருப்பேன். பிபிகே என்பது கோட்டுக்குள் ஒளித்து வைப்பதற்கென்றே செய்தது. கையில் பிடித்தால் பாதி கைக்குள் போய்விடும். கோடு வேண்டிய இடத்தில் அது ஒரு புள்ளி. ஹர்னின் துப்பாக்கியோ மார்பிலிருந்து கிளம்பிக் கன்னத்தைத் தாண்டி மேலே போகிறது. கதைப்படி பார்த்தால் தப்பான ஆயுதம். போஸ்டருக்கு இதைவிடப் பொருத்தமானது கிடைத்திருக்காது.

பாண்டின் ஒற்றர் எண்ணான 007 சின்னமும் இதே ரகம். 1962இல் ஜோ கராஃப் என்ற வடிவமைப்பாளரிடம் கேட்டது கடிதத்தாளின் தலைப்புக்கு ஒரு சின்னம். எண்ணை எழுதிப் பார்த்தவருக்கு ஏழின் தண்டு துப்பாக்கியின் கைப்பிடியாகத் தெரிந்திருக்கிறது. குழலையும் விசையையும் சேர்த்தார், முடிந்தது. கூலி 300 டாலர், அதற்கு மேல் உரிமைத்தொகை எதுவும் கிடையாது. நூறாவது பிறந்தநாளுக்குப் பாண்ட் பட நிறுவனத்தார் 007 பொறித்த ஒரு கடிகாரம் கொடுத்தார்களாம். அறுபது வருடமாகப் போஸ்டர்களில் உட்கார்ந்திருக்கும் ஒரு வேலைக்கு! சரி, அந்தப் புலம்பலை ஆரம்பித்தால் என் வகையறாக்காரர்கள் யாரும் நிறுத்த மாட்டோம்.

அறுபதுகளின் பாண்ட் போஸ்டர்களில் எனக்குப் பிடித்த விஷயம் அவற்றில் நடந்த வேலைப் பங்கீடு. 'தண்டர்பால்' (1965), 'யூ ஒன்லி லிவ் ட்வைஸ்' (1967) இரண்டிலும் ராபர்ட் மெக்கினிஸ், ஃபிராங்க் மெக்கார்த்தி என்று இரண்டு ஓவியர்கள். ஆட்கள் மெக்கினிஸுக்கு, அதிலும் பெண்கள் என்றால் கட்டாயம் அவருக்கே. வெடிப்பு, கடலுக்கடிச் சண்டை, பறக்கிற இயந்திரம் எல்லாம் மெக்கார்த்திக்கு. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு பேர் கையும் சுத்தமாக வேறு. மெக்கினிஸ் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மலிவுப் பதிப்பு நாவல்களுக்கு அட்டை வரைந்த ஆள். அவர் வரையும் உருவங்கள் அசையாது, அசைய வேண்டிய அவசியமும் அவற்றுக்கு இல்லை, நாம் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மெக்கார்த்தியிடம் ஒரு பொருள்கூட நிலையாக நிற்காது. 'யூ ஒன்லி லிவ் ட்வைஸ்' போஸ்டர்களில் ஒன்றில் எரிமலைக்குள் பெரிய சண்டை நடக்க, பாண்ட் குகையின் கூரையில் தலைகீழாக நடந்து வருகிறார். ஒளிப்பதிவாளர் யாராவது இப்படி ஒரு கோணம் வைத்தால் எது தரை, எது கூரை என்று நமக்குத் தலை சுற்றும். ஓவியத்தில் குழப்பமே இல்லை. பெரிதாக இருப்பவர் நாயகன், மற்றதெல்லாம் அவர் நடந்து போகிற இடம்.

மெக்கினிஸின் பெண்களை அளந்து பார்ப்பது எனக்கு ஒரு பழக்கம். ஸ்கேலை வைத்துத் தலையின் உயரத்தை எடுத்துக்கொண்டு, உடம்பில் அது எத்தனை தடவை அடங்குகிறது என்று பார்ப்பேன். சாதாரண மனித உடம்பு ஏழு, ஏழரை தலை. அவருடைய பெண்கள் அதைத் தாண்டிப் போவார்கள், தாண்டுகிற நீளம் முழுக்கக் காலில்தான் இருக்கும். ஓவியக் கல்லூரி மாணவன் இப்படி வரைந்தால் வாத்தியார் சிவப்பு மையில் சுழிப்பார். மெக்கினிஸ் செய்தால் அந்தக் கால்கள் போஸ்டரின் கீழ்ப்பாதியைத் தாங்கும் தூண்கள். 27 அங்குல அகலம், 41 அங்குல உயரம் என்பதுதான் அமெரிக்க போஸ்டரின் அப்போதைய அளவு. இப்படி உயரமான ஒரு தாளை நிரப்ப நீளமான ஏதாவது தேவை. அந்த அழகிகளை அப்படி நீட்டியதில் ஆண் கண்ணின் சபலம் நிறையவே இருக்கிறது, அதை மழுப்ப வேண்டாம். அதோடு கூடவே தாளின் வடிவமும் இருக்கிறது.

இந்தக் கால் விவகாரத்தை அப்படியே புகைப்படத்துக்குக் கொண்டுபோன போஸ்டர் 1981இல் வந்த 'ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி'. வடிவமைத்தவர் பில் கோல்ட், 'காஸாபிளாங்கா' காலத்திலிருந்து போஸ்டர் செய்தவர். முன்னால் ஒரு பெண்ணின் இரண்டு கால்கள், பின்புறமிருந்து, இடுப்புவரை மட்டும். அவள் கையில் குறுக்குவில் தொங்குகிறது. கால்களுக்கு நடுவில் தூரத்தில், சின்னதாக, அப்போதைய பாண்ட் ரோஜர் மூர் நம் பக்கம் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நிற்கிறார். அமெரிக்காவில் சில நாளிதழ்களுக்கு இது உறுத்தியது. சிலர் முழங்காலுக்கு மேலே உள்ளதை வெட்டிவிட்டுப் போட்டார்கள், சிலர் நீச்சலுடையின் மேல் ஒரு அரைக்கால் சட்டையே வரைந்துவிட்டார்கள். அப்போதும் பாருங்கள், திருத்தியது துணியைத்தான். துப்பாக்கி யார் கண்ணையும் உறுத்தவில்லை.

போஸ்டராக அது எனக்குப் பிடிக்குமா? வெட்கத்தோடு சொல்கிறேன், பிடிக்கும். தலைகீழ் 'வி' போல விரிந்த இரண்டு கோடுகள், அதன் நடுவில் ஒரு சின்ன உருவம். வேறு எங்கே பார்ப்பீர்கள்? துப்பாக்கியின் இடத்தைக் கால்கள் எடுத்துக்கொண்டுவிட்டன.

ஆக்‌ஷன் படங்களுக்கு வரலாம். இங்கே துப்பாக்கிக்குக் கன்னத்தோரத்தில் சாய்ந்திருக்கும் நாசூக்கெல்லாம் கிடையாது. 1985இன் 'ராம்போ' போஸ்டரில் ராக்கெட் லாஞ்சரைப் பிடித்தபடி சட்டையில்லாமல் நிற்கிறார் ஸ்டாலோன், பின்னால் நெருப்பு. உடம்பே ஆயுதம், ஆயுதம் அதற்கு ஒரு கூடுதல் தசை. அவ்வளவுதான், அதில் பேச அதிகம் இல்லை.

'டை ஹார்ட்' (1988) அப்படியில்லை. புரூஸ் வில்லிஸ் அப்போது தொலைக்காட்சியில் நகைச்சுவை நடிகர். அவரை ஆக்‌ஷன் நாயகனாக ஜனங்கள் ஏற்பார்களா என்று ஸ்டூடியோவுக்குச் சந்தேகம். அதனால் ஆரம்ப விளம்பரங்களில் அவரை அடக்கி வாசித்து, கட்டடத்தை முன்னே நிறுத்தினார்கள். படம் ஓட ஆரம்பித்த பிறகு அவர் முகமும் பெரிதாக வந்தது. ஒருபக்கம் முகம், மறுபக்கம் வெடிக்கிற கட்டடம் என்று நாம் இன்று பார்க்கிற அமைப்பு. நாற்பது மாடி உயரத்துக்கு ஒரு செங்குத்துக் கோடு இருந்தால் குறுக்கே ஒரு குழல் எதற்கு? துப்பாக்கி வேண்டாம் என்று நினைக்கிறவர்கள் பார்க்க வேண்டிய போஸ்டர் இது. 2011இல் வந்த 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை'க்கு எழுத்தும் எண்ணும் படிந்த கேரி ஓல்ட்மனின் முகம் போதுமாக இருந்தது. இவை ஆரம்பத்திலேயே வேறு தூணை நட்டுக்கொண்டவை. கட்டி முடித்த பிறகு தூணை உருவியவை அல்ல.

உருவுவதிலும் ஒரு அழகான முறை உண்டு என்று 2016இல் தெரிந்தது. 'ஜேசன் போர்ன்' படத்துக்காக நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களில் ஒட்டிய போஸ்டரில் மாட் டேமன் கையில் துப்பாக்கி. அமெரிக்காவில் துப்பாக்கிச் சாவுகள் பற்றிய கோபம் உச்சத்தில் இருந்த நேரம். துப்பாக்கியை மட்டும் கிழித்துவிடுங்கள் என்று ஒருவர் சமூக வலைத்தளத்தில் எழுத, ஜனங்கள் நிஜமாகவே நகத்தால் சுரண்டிக் கிழித்தார்கள். புகைப்படங்களில் பார்த்தால் கையின் முனையில் வெள்ளையாக ஒரு பிசிறடித்த ஓட்டை. போஸ்டர் குலையவில்லை, சொல்லப்போனால் முன்பைவிடக் கண் அங்கேதான் போகிறது. ஓட்டைக்கும் ஒரு வடிவம் இருக்கிறது, கையைப் பிடித்து நிறுத்துகிறது. கணினியில் அழித்தவர்கள் அந்த ஓட்டையையும் சேர்த்து மூடிவிட்டார்கள், அதனால்தான் கானரி அப்படி அந்தரத்தில் நிற்கிறார்.

எண்பதுகளின் முடிவோடு பாண்ட் போஸ்டர்களில் ஓவியம் கிட்டத்தட்ட முடிந்தது, புகைப்படம் வந்தது, அப்புறம் போட்டோஷாப். அதன்பிறகு ஆக்‌ஷன் போஸ்டர் என்றால் ஆரஞ்சு நெருப்பு, நீலப் பின்னணி, வரிசையாக மிதக்கிற தலைகள். தலைகள் மிதப்பதற்கு ஓவியனையோ வடிவமைப்பாளரையோ மட்டும் குறைசொல்ல முடியாது, பாதி ஒப்பந்தம். 1974இன் 'தி டவரிங் இன்ஃபெர்னோ'வில் ஸ்டீவ் மெக்வீன், பால் நியூமன் இருவரில் யார் பெயர் முதலில் என்று பிரச்சினை. மெக்வீன் பெயரை இடப்பக்கம் கீழே, நியூமன் பெயரை வலப்பக்கம் சற்று மேலே வைத்துச் சமாளித்தார்கள். இடமிருந்து படித்தால் அவர் முதல், மேலிருந்து படித்தால் இவர் முதல். போஸ்டரின் அடியில் ஒல்லியாக நசுக்கிய எழுத்தில் பெயர்ப் பட்டியல் வருகிறதே, அதுவும் இப்படித்தான். படத் தலைப்பின் எழுத்து உயரத்தில் இத்தனை சதவீதம் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தம் உயரத்தைப் பற்றித்தான் பேசும். அகலத்தைப் பற்றிப் பேசாது. அதனால் அகலத்தை நசுக்கினார்கள்.

இந்த ஒப்பந்தம் எதுவும் எட்டாத ஒரு இடம் இருந்தது, கானா. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அங்கே வீடியோ கேசட் ஓட்டும் ஒரு விசிஆர், ஒரு தொலைக்காட்சி, ஒரு ஜெனரேட்டர் என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் படம் காட்டினார்கள். போஸ்டரை மாவு மூட்டைத் துணியில் கையால் வரைந்தார்கள், மழை வெயிலுக்குத் தாங்க, சுருட்டி அடுத்த ஊருக்குக் கொண்டுபோக. வரைபவர் படத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நாயகனின் புஜம் அவன் தலையைவிடப் பெரிதாக இருக்கும், துப்பாக்கி புஜத்தைவிடப் பெரிதாக இருக்கும், படத்தில் இல்லாத பாம்பு ஒன்று காலைச் சுற்றியிருக்கும். விரல்கள் விசையைத் தொடுகின்றனவா என்றெல்லாம் கேட்கக் கூடாது. ஆனால் நான் பார்த்தவற்றில் ஒன்றில்கூடக் கண் எங்கே போக வேண்டும் என்ற சந்தேகம் வந்ததில்லை.

அந்தப் பழைய துணிகள் இப்போது வெளிநாட்டுக் கண்காட்சிகளில் தொங்குகின்றன. ஓவியர்களில் சிலர் இன்றும் ஆர்டர் எடுத்து வரைந்து அனுப்புகிறார்கள். படத்தின் பெயரைச் சொன்னால் போதுமாம். எனக்கும் ஒன்று வேண்டும். எந்தப் படம் என்றுதான் இன்னும் முடிவு செய்யவில்லை, துப்பாக்கியே இல்லாத ஒரு படத்தைச் சொல்லி என்ன வருகிறது என்று பார்க்க ஆசை.