ஆளிருந்த கலங்கரை விளக்கு: லிங்கி நாட்குறிப்பு

மார்ச் 2

பருந்துகள் வலசை வரும் மாதம். மலேசியாவில் போர்டிக்சன் பக்கம் தஞ்சோங் துவான் கடல்முனையில் ஏறுகிறவர்கள் கலங்கரை விளக்கைப் படம் பிடித்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். இப்போதுள்ள கோபுரம் 1863இல் கட்டியது. போர்த்துக்கீசியர் அந்த முனையைக் காபோ ரச்சாடோ என்றார்கள். 1606இல் டச்சுக்காரர்களோடு அவர்கள் கடற்போர் நடத்தியது இதற்கு எதிரேதான். சுற்றிலும் நெகிரி செம்பிலான் இருந்தாலும் அந்த நிலம் மலாக்கா மாநிலத்துக்குச் சொந்தம். இதெல்லாம் பலரும் சொல்வது. விளக்குக்காரரின் இரவு வேலையைத்தான் சொல்ல ஆளில்லை. உலகெங்கும் பழைய விளக்குகளில் இருந்த வேலைமுறையை இங்கே எழுதி வைக்கிறோம்.

மார்ச் 4

முதலில் திரி விளக்கு. திரியை மட்டமாக வெட்டாவிட்டால் சுடர் ஒருபக்கம் உயர்ந்து புகை கக்கும். 1901இல் ஆர்தர் கிட்சன் மண்ணெண்ணெயை ஆவியாக்கி எரிக்கும் முறையைக் கொண்டுவந்தார். லயத்துக் கல்யாணங்களில் ஏற்றிய பெட்ரோமாக்ஸ் மாதிரியேதான்: ஸ்பிரிட் எரித்து ஆவிக்குழாயைச் சூடாக்கி, காற்றடித்து, பிறகு எண்ணெயைத் திறக்க வேண்டும். சூடு பத்தாமல் திறந்தால் எண்ணெய் திரவமாகவே பீறிட்டுத் தீப்பிழம்பாகும். வெளிச்சத்தைக் குவிக்கும் லென்ஸில் கரி அப்பிக்கொள்ளும். மேண்டில் என்பது சூட்டில் ஒளிரும் வலை; தோரியம், சிறிது சீரியம் என்ற உலோகங்களின் உப்பில் ஊறியது. ஒருமுறை எரிந்தபின் அது வெறும் சாம்பல் கூடு, விரல் பட்டாலே உதிரும். எண்ணெய் ஆவி வெளிவரும் நிப்பிளின் துளை அடைத்தால் வெளிச்சம் மங்கும்; ஊசியால் குத்தி எடுப்பார்கள்.

மார்ச் 9

சுழற்சிதான் உயிர். லென்ஸைச் சுற்றியது கோபுரத்துக்குள் தொங்கிய எடைக்கல். அது மெல்ல இறங்க இறங்க, பல்சக்கரங்கள் சுழலும். அடியைத் தொடுமுன் கைப்பிடியால் சுற்றி மேலே ஏற்றாவிட்டால் லென்ஸ் நின்றுவிடும். இரவு முழுக்க முறைவைத்து இதே வேலை.

லென்ஸ் சுழல்வதால்தான் விளக்கு மின்னுவதுபோல் தெரியும். ஒவ்வொரு விளக்கும் மின்னும் இடைவெளி கடல் வரைபடத்தில் குறித்திருக்கும். பத்து விநாடிக்கு ஒருமுறை மின்ன வேண்டியது பதினைந்தாகிவிட்டால், மாலுமி அதை வேறொரு முனையாக நினைத்துத் திசை திருப்பக்கூடும். அணைந்த விளக்கைவிடத் தாளம் தப்பிய விளக்கு ஆபத்தானது என்பதே எங்கள் எண்ணம். அதனால்தான் கடிகாரத்தை வைத்துச் சுற்றை அளந்தார்கள்.

மார்ச் 10

பெரிய லென்ஸ்கள் பாதரசத் தொட்டியில் மிதந்தன. டன் கணக்கான எடையை ஒரு கையால் தள்ளலாம். தூசி படிந்தால் உராய்வு கூடிச் சுழற்சி தளரும். அப்போது பாதரசத்தை மென்தோலில் வடிகட்டினார்கள். அதன் ஆவி நரம்பைக் கெடுக்கும், கை நடுங்கும். வெப்பம் கூடினால் ஆவியும் கூடும்.

பகலில் லென்ஸுக்குத் திரை கட்டாயம். வெயில் அதற்குள் குவிந்தால் எதிரில் உள்ளது தீப்பிடிக்கும்.

மார்ச் 15

விளக்குக்காரருக்கு வேலையில்லாமல் செய்ததில் சுவீடன் பொறியாளர் குஸ்தாவ் டாலேனுக்குப் பெரும் பங்கு உண்டு. அவருடைய சூரிய வால்வில் ஒரு கறுப்புத் தண்டு பகல் வெளிச்சத்தை உறிஞ்சி, சூடேறி நீண்டு, அசிட்டிலின் வாயுவை அடைக்கும். இருட்டினால் சுருங்கித் திறக்கும். 1912இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார். பிறகு மின்சாரம் வந்தது.

ஆனால் வெளிக்கண்ணாடியில் படியும் உப்பை எந்த வால்வும் துடைக்காது. அதற்கு ஆள் ஏறித்தான் ஆக வேண்டும். முதலில் நல்ல தண்ணீர் ஊற்றி உப்பைக் கரைத்துவிட்டு, அப்புறம் துணி. காய்ந்தபடி தேய்த்தால் உப்புப் படிகமும் மணலும் கண்ணாடியைக் கீறிவிடும்.