காலை எப்போது ஊன்றுவது

ஜனவரி 19
முட்டி ஆப்பரேஷன் தையல் பிரித்தாயிற்று. ஆறியிருப்பது தோல் மட்டும்தான்.

ஜனவரி 23
பக்கத்துப் படுக்கைக்காரர் மறுநாளே ஊன்றி நடந்தார். அவருக்கு உடைந்தது கீழ்க்கால் எலும்பின் நடுத்தண்டு, எலும்புக்குள் ராடு. நடுவில் நிற்பதால் பாரத்தில் பங்கு வாங்கிக்கொள்ளும். இங்கே உடைப்பு முட்டி மூட்டுக்குள்ளேயே ஓடியிருக்கிறது. பிளேட்டும் ஸ்க்ரூவும் துண்டுகளைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான். அவசரப்பட்டால் மூட்டின் மேற்பரப்பு அமுங்கிவிடும், பின்னால் தேய்மானம். ஊன்ற 6 முதல் 12 வாரம் ஆகும் என்று சொல்வது இதனால்தான். உள்ளே பிடிப்பு எப்படி என்று நேரில் பார்த்தவர் ஆப்பரேஷன் செய்தவர் ஒருவரே. அவர் சொல்வதுதான் கணக்கு.

ஜனவரி 30
கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுவதை ஒரு நாளும் விடக்கூடாது. கெண்டைச்சதை வீங்கி, தொட்டாலே வலித்தால் ரத்தக்கட்டியோ என்று உடனே பார்க்க வேண்டும். திடீரென்று மூச்சு வாங்கினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

பிப்ரவரி 9
அக்குளுக்கும் ஊன்றுகட்டைக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடம் வேண்டும். பாரம் உள்ளங்கையில். அக்குளில் தொங்கினால் நரம்பு அழுந்திக் கை மரத்துப்போகும்.

பிப்ரவரி 17
ஆறு வாரம். எக்ஸ்ரே. இப்படிப் பிளேட் வைத்து இறுக்கிய மூட்டு உடைப்பில் புது எலும்பு திரண்டு தெரியாது. உடைந்த கோடு மங்குகிறதா, மூட்டின் மட்டம் இறங்காமல் இருக்கிறதா, ஸ்க்ரூ நகர்ந்திருக்கிறதா, இவைதான் பார்க்க வேண்டியவை. 20 கிலோ வரை ஊன்ற அனுமதி.

பிப்ரவரி 18
20 கிலோ என்பது காலுக்கு எப்படித் தெரியும்? எடை மெஷினைத் தரையில் வைத்து, அதே உயரத்துக்குப் பலகை ஒன்றைப் பக்கத்தில் போட வேண்டும். நல்ல கால் பலகையில், இந்தக் கால் மெஷினில். வாக்கரைப் பிடித்தபடி மெல்ல அழுத்த, முள் 12, 17, 24. எடுத்துவிட்டு மறுபடி. முள்ளைப் பார்க்காமலே 20-இல் நிறுத்த வரும்வரை இதுதான் வேலை. நின்றபடி சரியாக வருவது நடக்கையில் தவறும். ஆகவே கட்டை முதலில், அப்புறம் இந்தக் கால், கடைசியில் நல்ல கால்.

பிப்ரவரி 19
20-ஐத் தாண்டிய அந்த 24.

பிப்ரவரி 23
உள்ளங்காலிலும் கெண்டையிலும் இழுப்பு, சாயங்காலம் வீக்கம். காலை உயர்த்தி வைத்தால் வடிகிறது, பயமில்லை. உடைந்த இடத்திலேயே குத்தும் வலி மறுநாள் காலையிலும் இருந்தால் ஊன்றுவதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் கேட்க வேண்டும்.

பிப்ரவரி 26
படி ஏற நல்ல கால் முதலில். இறங்க இந்தக் கால் முதலில்.

மார்ச் 2
முள் பார்க்காமல் ஐந்து தடவை. 19, 20, 18, 20, 21